சிராய்ப்பில்லாப் பள்ளி

எட்டு மணி நேரம் ஒன்பது நிமிடம். அவ்வளவு நேரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் பொறுப்புச் சட்ட ஆணையர் விக்னேஷ்வரனின் பேரில் இருந்தார்கள். முதல் ஐந்து மணி நேரம் அது அவருக்கே தெரியாது.

நடந்தது செவ்வாய்க்கிழமை. விசாரணை வெள்ளிக்கிழமை. எங்கள் தலைமையாசிரியர் தினேஷ்குமாரின் காப்பைப் பறிப்பதா வேண்டாமா என்று விசாரணையில் முடிவாகும். காப்பு போனால் பிள்ளைகள் இருக்கும் எந்த வளாகத்துக்குள்ளும் அவர் கால் வைக்க முடியாது. அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

நான் இந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இயற்பியல் படித்தேன். எதையும் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பில் மட்டும் பேச்சு வரும், அதுவும் பிள்ளைகள் நம்மை விடக் குட்டையாக இருப்பதால்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பி.டி. மாஸ்டர் மணிபாரதிதான் என் இடது மணிக்கட்டில் காப்பை மாட்டிவிட்டார். சாம்பல் நிறப் பட்டை. நடுவில் சின்னத் திரை. திரையில் பூஜ்யம்.

"இந்த நம்பருதானுங்க மிஸ் இனி உங்க பொழப்பு," என்றார். "எத்தன புள்ளைங்க உங்க பேர்ல இருக்குதுன்னு காட்டும். ஒரு புள்ள விழுந்துச்சுன்னா, அந்த நொடியில யாரு பேர்ல இருந்துச்சோ அவங்க மேல கேசு. அப்பனாத்தாவா இருந்தாலும் சரி, பஸ் டிரைவரா இருந்தாலும் சரி."

"கைமாத்தறது எப்படிங்க சார்?"

"ரெண்டு காப்பும் ஒரு சாண் தூரத்துக்குள்ள வரோணும். குடுக்கறவங்க எத்தன பேருன்னு சொல்லி 'ஒப்படைக்கிறேன்'னு சொல்லோணும். வாங்கறவங்க 'ஏற்றுக்கொள்கிறேன்'னு சொல்லோணும். அஞ்சு செகண்டு கைய நவுத்தாம நிக்கோணும். அவ்வளவுதான்."

"யாரு பேர்லயும் இல்லாத புள்ளயா இருந்தா?"

அவருடைய இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"மொதல்ல தொடறவங்க பேர்ல ஏறிக்கும். அடிபட்ட புள்ளயா இருந்தா அந்த அடியும் சேந்து ஏறும். அதனால பாத்து..."

அவர் முடிக்கவில்லை. எனக்கும் புரிந்துவிட்டது. தொடர் பொறுப்புச் சட்டம் வந்து ஆறு வருடமாக ஊரில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில், கோயிலில், கல்யாண மண்டபத்தில், எங்காவது ஒரு குழந்தை தள்ளாடி நடந்து வந்தால் அத்தனை இடது கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். என் அக்கா கல்யாணத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பந்தியில் உட்காருவதற்காக, "ஒரு பத்து நிமிசம் வெச்சுக்கறீங்களா" என்று வரிசையாகப் பதினேழு பேரிடம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒற்றைக் கையால் சாப்பிட்டாள். பாயசம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தால் நன்மை இல்லையா என்றால், இருந்தது. எங்கள் பள்ளியில் ஆறு வருடமாக ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லை. மைதானத்தில் வட்டங்கள் வரைந்திருந்தோம். ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளை. விளையாட்டு நேரத்தில் வட்டத்துக்குள் உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

ஜூன் மாதம் ஒன்று நடந்தது. இரண்டாம் வகுப்பு சஷ்டிகா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். டிரைவர் ஒப்படைத்தார். வாசலில் நின்ற வாட்ச்மேன் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லும்போது பாதியில் தும்மிவிட்டார். காப்பு அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் 'ஒப்படைக்கிறேன்' என்று சொல்லி முடித்திருந்ததால், பஸ் வாசலை விட்டு நகர்ந்ததும் அவர் பேரிலிருந்தும் அவள் இறங்கிவிட்டாள். அப்போதுதான் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

பதினோரு நிமிடம் அவள் அங்கேயே நின்றாள். அழக்கூட இல்லை. ஒவ்வொருவர் முகமாக நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் பெரியவர்கள் நாலு பேர் நின்றிருந்தோம், இடது கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. நாலாவது ஆள் நான்.

தினேஷ்குமார் சார் அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அடி அவர் பேரில் ஏறியது. வாசலுக்கு வெளியே விழுந்ததால் பள்ளிக்குக் கெட்ட பெயர் இல்லை. அவருக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவது தவறு நடந்தால் காப்பு ரத்து.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எங்களுக்கு 'சிராய்ப்பில்லாப் பள்ளி' விருது கிடைத்திருந்தது. கொடுக்க வந்தவர் ஆணையரே. சட்டத்தை எழுதியவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நல்ல சிரிப்பு. பிள்ளைகள் வட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை விழா என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஆள் பேரில் இருக்க வேண்டும் என்பது விதி. காலையிலேயே எல்லா ஆசிரியர்களும் வரிசையில் வந்து தலைமையாசிரியரிடம் ஒப்படைத்திருந்தோம்.

"அறுநூத்திப் பன்னெண்டு," என்று அவர் மணிக்கட்டைக் காட்டினார். "கையே கனக்குது அம்மிணி."

மைக்கைப் பிடித்தால் தினேஷ்குமார் சாருக்கு வேறொரு தொண்டை முளைத்துவிடும். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, ஏற்ற இறக்கத்தோடு வரவேற்புரையை வாசித்தார். ஆணையரின் அறிவு, அன்பு, அஞ்சாமை எல்லாம் வந்தன. நான் மேடை ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நினைவுப் பரிசோடு நின்றேன். பித்தளைக் குத்துவிளக்கு. மூன்று கிலோ. உரையின் கடைசி வரிக்கு முன் அவர் கையில் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் மரியாதைப்பட்டவருக்கு எதையும் ஒற்றைக் கையால் கொடுக்க மாட்டோம். அவர்களும் ஒற்றைக் கையால் வாங்க மாட்டார்கள். நாலு கைகள் விளக்கைப் பிடித்தன.

"எங்கள் பள்ளியின் அறுநூற்றுப் பன்னிரண்டு மழலைச் செல்வங்களையும், இந்தத் திருவிளக்கோடு சேர்த்து, இக்கணமே தங்கள் பொற்கரங்களில் ஒப்படைக்கிறேன்! ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்!"

ஆணையர் நெகிழ்ந்துவிட்டார். மைக் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்."

"சார், ரெண்டு பேரும் இங்க பாருங்க," என்றார் போட்டோக்காரர். "அப்பிடியே இருங்க. இன்னொண்ணு. கண்ண மூடாதீங்க சார்."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு நொடி.

கைதட்டல். ஆணையரின் சட்டைக் கைக்குள் ஏதோ அதிர்ந்திருக்க வேண்டும். கையை ஒரு முறை உதறிவிட்டு விருதைக் கொடுத்தார். மணி பத்து நாற்பத்தொன்று. பதினொன்றே காலுக்கு ஈரோட்டில் கூட்டம் என்று கிளம்பிவிட்டார். குத்துவிளக்கு முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போனது.

பிள்ளைகளைத் திரும்ப வாங்க ஆசிரியர்கள் வரிசையில் வந்தோம். முதலில் தமிழாசிரியை கோகிலவாணி மிஸ், கையை நீட்டினார்.

"முப்பத்தெட்டுப் பேர். ஒப்படைக்கிறேன்," என்றார் தலைமையாசிரியர்.

"உங்கள் பேரில் பிள்ளைகள் இல்லை," என்றது காப்பு, இனிமையான பெண் குரலில்.

அவர் கையை உதறினார். திரையை வேட்டி நுனியில் துடைத்தார். விழாவுக்கென்று பட்டு வேட்டி கட்டியிருந்தார். பூஜ்யம். மறுபடி துடைத்தார். பூஜ்யம்.

மணிபாரதி மாஸ்டர் போனில் பொறுப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"சார், எல்லாப் புள்ளைங்களும் ஒருத்தரு பேர்ல இருக்குதுங்க."

"யாரு பேர்ல?"

"ஆணையரு பேர்லதானுங்க. இப்ப பெருந்துறைகிட்ட போயிட்டு இருக்காருங்க."

கோகிலவாணி மிஸ் களுக்கென்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல்லை மூடப் பார்த்தார், முடியவில்லை.

"பொற்கரம்," என்றார். "சார் 'பொற்கரம்'னு சொன்னீங்களே சார்!"

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. வேர்த்துக் கொட்ட ஆணையரின் உதவியாளரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"ஐயா மீட்டிங்ல இருக்காருங்க."

"ஏனுங்க, அவரு பேர்ல எங்க புள்ளைங்க அறுநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க."

"மனுவுங்களா? திங்கக்கெழம குடுங்க."

"மனு இல்லீங்க. புள்ளைங்க."

"புள்ளைங்களோட வந்தாலும் திங்கக்கெழமதானுங்க."

போன் அணைந்தது. தலைமையாசிரியர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மைதானத்தைப் பார்த்தோம். அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், அறுநூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள். எங்கள் கைகளில் எல்லாம் பூஜ்யம். மணிக்கட்டு லேசாகி மேலே மிதப்பது போல இருந்தது.

"மிஸ்," என்றார் மணிபாரதி மாஸ்டர் மெதுவாக. "இப்ப ஒரு புள்ள விழுந்தா நம்ம யாரு மேலயும் கேசு வராதுங்கதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"தொட்டாலும் நம்ம பேர்ல ஏறாதுங்கதானே?"

"ஏறாதுங்க. அவரு வந்து 'ஒப்படைக்கிறேன்'னு சொல்ற வரைக்கும் அவரு பேர்லதான்."

அவர் எழுந்தார். ஓடினார். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த விளையாட்டுச் சாமான் அறையின் சாவி துருப்பிடித்துத் திரும்பவில்லை. பூட்டைக் கல்லால் அடித்து உடைத்தார். உள்ளேயிருந்து பந்துகள் உருண்டு வந்தன. பாதியில் காற்றில்லை. கயிறுகள், வளையங்கள், ஒரு கிரிக்கெட் மட்டை, ஒரு பல்லி.

பிள்ளைகள் பந்துகளைப் பார்த்தார்கள். யாரும் வட்டத்தை விட்டு எழவில்லை.

முன்வரிசையில் சஷ்டிகா இருந்தாள். முழங்காலில் ஜூன் மாதத் தழும்பு. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், ஓடலாமா?"

"ஓடு."

"விழுந்தா நானு யாரு பேர்ல?"

"ஆணையர் சார் பேர்ல."

"அவரு வந்து தூக்குவாரா?"

"இல்ல. நான் தூக்குவேன்."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். அது முன்னால் இருந்தது. எழுந்தாள். வட்டத்தின் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். பிறகு ஓடினாள்.

ஓடத் தெரியவில்லை அவளுக்கு. கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். பத்தடியில் விழுந்தாள். நான் போய்த் தூக்கினேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். ஆடிய பல்லும் சேர்ந்து ஆடியது. அதன் பிறகு மைதானத்தில் ஒரு வட்டமும் மிஞ்சவில்லை. மிதித்தே அழித்துவிட்டார்கள்.

கல்லா மண்ணா. கோ-கோ. கயிறு இழுத்தல், அதில் ஒரு பக்கம் ஐந்தாம் வகுப்பு, மறுபக்கம் ஆசிரியர்கள். நாங்கள் தோற்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். கோகிலவாணி மிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோ-கோவில் ஒரு பையனை மைதானம் முழுக்கத் துரத்தினார், "எட்டுத்தொகை நூல்களச் சொல்லிட்டு ஓடுறா!" என்று கத்திக்கொண்டே. அவனும் சொல்லிக்கொண்டே ஓடினான். ஏழோடு மாட்டிக்கொண்டான்.

கண்காணிப்பு இல்லாமல் போகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் நான் திரையில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பேன். நாற்பது இருந்தால் சரி. அன்று எண் இல்லாததால் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. தேஜஸ் இடது கையால் எறிபவன் என்று அன்றுதான் தெரிந்தது. வேப்பமரத்தில் ஏறுபவர்களுக்குக் கீழே மாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டே நின்றார், ஒன்றரை மணி நேரம்.

இரண்டு மணி வாக்கில் தலைமையாசிரியர் அறைக் கதவு திறந்தது. ஜன்னல் வழியாக வெகு நேரம் பார்த்திருக்கிறார்.

"ஒரே ஒரு ஓவர்," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையைப் பிடித்தார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் பந்திலேயே ஸ்டம்பைச் சாய்த்தாள். "நோ பாலு!" என்று அவர் சாதித்தார். அறுநூறு பிள்ளைகள், "அவுட்டு சார்!" என்றார்கள்.

அன்று மொத்தம் நாற்பத்து மூன்று சிராய்ப்பு. ஒவ்வொன்றும் பிள்ளையின் கையில் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து பொறுப்பாளரின் காப்புக்கு உடனே போகும். 'முழங்கால், வலது. முழங்கை, இடது. மூக்கு நுனி.' ஈரோட்டில் ஆணையரின் கை ஓயாமல் துடித்ததாம். ரத்த அழுத்தம் என்று நினைத்துக் கூட்டத்தின் நடுவே இரண்டு முறை தண்ணீர் குடித்தாராம்.

நாலு பத்துக்கு மணி அடித்தது. வாசலில் பெற்றோர் வந்துவிட்டார்கள். பிள்ளைகளை யார் ஒப்படைப்பது? உள்ளே வந்து காத்திருங்கள் என்றோம். வந்தவர்கள் மைதானத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், அந்த மஞ்ச ரிப்பன் எம்புள்ளதானுங்களா?"

"ஆமாங்க."

"இத்தன வேகமா ஓடுவாளா அவ?" என்றார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஒருக்காகூடப் பாத்ததில்லைங்களே நானு."

நாலு நாற்பத்தொன்றுக்கு ஆணையரின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இறங்கியவர் கையில் ஒரு தாள்.

"தினேஷ்குமார்! இது என்ன?"

பொறுப்பாளர் பிள்ளைகளை விட்டு வெகுதூரம் போய்விட்டால் காப்பு தானாகவே ஒரு நோட்டீஸ் அனுப்பும். பிள்ளைகளைக் கைவிட்டதற்கான நோட்டீஸ். ஆணையர் அலுவலகம் போய், அச்சாகி, ஆணையரின் கையெழுத்துக்கு வரும். நாலு மணிக்கு அவர் நாற்பது தாள்களோடு இதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேனாவை மூடும்போதுதான் பெயரைப் படித்திருக்கிறார்.

"என்னை நானே குற்றவாளின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். அவர் குரலில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். சட்டைக் கையை மடித்தார். அவர் காப்பில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்ததே இல்லையாம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

மொத்தமாக வாங்கிக்கொள்ளத் தலைமையாசிரியர் கையை நீட்டினார். ஆணையர் முடியாது என்று தலையை ஆட்டினார். பெற்றோர் வந்துவிட்டால் நேராகப் பெற்றோரிடம்தான், ஒவ்வொருவராகத்தான். அவரே எழுதிய விதி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசை நின்றது.

"ஒருவர், நிவின். ஒப்படைக்கிறேன்." "ஏற்றுக்கொள்கிறேன்." ஐந்து நொடி. "ஒருவர், ஹன்சிகா. ஒப்படைக்கிறேன்."

ஐந்து நொடி என்பது நீளமானது. சும்மா ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. நூறாவது பிள்ளைக்கு மேல் அவர், "மூக்குல என்ன?" என்று கேட்டார். இருநூறுக்கு மேல் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார், உயரம் சரியாக இருப்பதால். நானூறுக்கு மேல், "நீ கல்லா, மண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்ன சொன்னான் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஆறரைக்குச் சஷ்டிகா மட்டும் மிச்சம். அவள் அம்மா நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வர வேண்டும். ஆணையரின் திரையில் '1'. அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கால் பல்லைத் தள்ளினாள். பல் கையில் வந்துவிட்டது.

"ரத்தம்!" என்று ஆணையர் எழுந்துவிட்டார். "படிவம் ஏழு எங்கே? முதலுதவி..."

"பல்லு சார்," என்றாள் அவள், ஓட்டை வாயால். "சாணியில உருட்டிக் கூரை மேல போடோணும். அப்பத்தான் புதுசு மொளைக்கும்."

"சாணிக்கு எங்கம்மா போறது?"

"மண்ணு போதும். நீங்கதான் போடோணும். நானு உங்க பேர்லதான இருக்கேன்?"

மணிபாரதி மாஸ்டர் ஈர மண் கொண்டு வந்தார். தொடர் பொறுப்புச் சட்டத்தை எழுதியவர் வெள்ளைச் சட்டையோடு மண் உருண்டை பிடித்து, உள்ளே பல்லை வைத்து, ஓட்டுக் கூரையை நோக்கி எறிந்தார். முதல் முறை கீழே விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது. மூன்றாவது முறை மேலே நின்றது. அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு குதி குதித்தார்.

ஆறு ஐம்பதுக்கு அவள் அம்மா வந்தார். "ஒருவர், சஷ்டிகா. ஒப்படைக்கிறேன்." திரையில் பூஜ்யம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். விதிகளுக்கு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை எங்கள் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. சென்னையிலிருந்து துணைச் செயலர் அஃப்ரின் வந்திருந்தார். ஆணையரும் இதில் ஒரு தரப்பு என்பதால் ஓரமாகப் பெஞ்சில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார். ஆசிரியர்கள் சுவரோரம் நின்றோம்.

உள்ளே போகும் முன் தலைமையாசிரியர் என்னிடம் தனியாக, "அம்மிணி, நீ ஒண்ணும் பேசிராத," என்றார். "நீ பேசவும் மாட்ட. இருந்தாலும் சொல்லி வெக்கறேன்."

துணைச் செயலர் தாளைப் புரட்டினார். "விதி நாற்பத்தொன்று. வாங்குகிறவருக்கு விவரம் தெரியும்னு உறுதி செய்யாமல் பிள்ளைகளை ஒப்படைத்தால், அது ஒப்படைத்தவரோட குற்றம். உங்க மேல ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கு சார். ஜூன் மாசம்."

"ஆமாங்க."

"ஆணையர் இதைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

ஆணையர் எழுந்தார். "நாற்பத்தொன்றை எழுதினதும் நான்தான்," என்றார். "அதுல விலக்கு எதுவும் வைக்கலை. வச்சிருக்கணும்." உட்கார்ந்துவிட்டார்.

"தண்டனை அத்தியாயத்துல ஒரே ஒரு விலக்கு இருக்கு," என்றார் துணைச் செயலர். "வேற யாராவது திட்டம் போட்டு, இவருக்குத் தெரியாம இவரைச் செய்ய வச்சிருந்தா, குற்றம் அவங்களோடது. அவங்க காப்புதான் போகும்." கண்ணாடியைக் கழற்றினார். "தினேஷ்குமார் சார், அந்த உரையில எண்ணிக்கை சரியா இருக்கு. 'இக்கணமே'ன்னு இருக்கு. 'ஒப்படைக்கிறேன்'னு இருக்கு. இதை யார் எழுதினது?"

"நானேதானுங்க எழுதுனேன்."

"பொற்கரங்கள்?"

"எனக்கு மேடைத் தமிழ்னா ஆசைங்க மேடம். எழுதறப்ப கை தன்னால ஓடிருச்சுங்க. வெவரமில்லாமப் பண்ணிட்டேன். வேற யாரும் காரணமில்லீங்க."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை மேசை மேல் வைத்து, காப்பின் கொக்கியை அவரே தளர்த்த ஆரம்பித்தார். வெளியே மைதானத்தில் புதிதாக வட்டம் வரைந்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்தது. முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் துணைச் செயலர், கோப்பை மூடிக்கொண்டே.

என் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. அதை முன்னால் கொண்டு வந்தேன்.

"நான்," என்றேன். சத்தம் வரவில்லை.

"யாரும்மா? முன்னால வாங்க. சத்தமா, பதிவாகணும்."

மணிபாரதி மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கோகிலவாணி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "அம்மிணி, வேண்டாம்," என்றார் தலைமையாசிரியர். என்னைப் பற்றி அவருக்குப் பாதிதான் தெரியும். மேசை வரைக்கும் எட்டு அடி இருந்தது. நடந்தேன்.

"சார் உரையெல்லாம் எப்பவும் நான்தான் எழுதித் தருவேனுங்க. அவரு நம்பி வாசிப்பாரு," என்றேன். இந்த முறை குரல் வந்தது. "ஒத்தக் கையால வாங்க முடியாத வெளக்கா வேணும்னு நாலு கடை ஏறி எறங்குனேன். கைமாத்தற அத்தியாயத்த மூணு தடவ படிச்சேன். தண்டனை அத்தியாயத்தப் படிக்கல, சார் மேல வரும்னு தெரியாது, அது என் தப்புங்க. மத்தபடி எதுவும் கை தன்னால ஓடுனது இல்லீங்க. ஒவ்வொரு சொல்லும் தெரிஞ்சேதான் எழுதுனேன்."